முயலைத் தூக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

வணக்கம் மக்களே. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பேசுகிறேன். பின்னால் வாழைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் எங்கள் முயல் சீனி. இன்னொரு முயல் வெல்லம் இன்னும் கூண்டைவிட்டு வரவில்லை. வெயில் தாழ்ந்து மணி ஐந்தாகிறது. முயல் பகலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான் அதன் ஓட்டமும் ஆட்டமும். அதனால்தான் இந்த நேரத்தில் கேமராவை வைத்தேன். மத்தியானம் கண் அயர்ந்திருக்கும் முயலை எழுப்பிக் கொஞ்சினால் அதற்குப் பிடிக்கவே பிடிக்காது.

போன வீடியோவுக்குப் பிறகு பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அக்கா, நான் எவ்வளவு பாசமாக இருந்தாலும் கையில் எடுத்தாலே என் முயல் உதறிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா?" மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை அழாத குறையாகக் கேட்டிருந்தாள். உன்னைப் பிடிக்காமல் இல்லை, தங்கச்சி. தூக்குவதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வெளியில் வாழும் முயலைத் தரையிலிருந்து தூக்குவது யார்? கழுகும் நரியும்தான். கால் தரையைவிட்டு எழும்பினால் உயிர் போகப் போகிறது என்கிற பயம் அதன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. நம் வீட்டிலேயே பிறந்து, நம் கையாலேயே கீரை தின்று வளர்ந்த முயலுக்கும் அந்தப் பயம் போகாது. நாம் ஆசையாக அள்ளி நெஞ்சோடு அணைக்கிறோம். அதன் இதயம் படபடவென்று அடிப்பது கையிலேயே தெரியும். அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எப்படித் தொட்டால் பிடிக்கும் என்று செய்தே காட்டுகிறேன். முதல் வேலை, கீழே உட்காருவது. நின்றபடி குனிந்து தொடாதீர்கள். மேலேயிருந்து இறங்கும் கையும் நிழலும் அதை மிரட்டும். சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாக்கு எதற்கு என்றால், வழவழப்பான சிமெண்ட் தரையில் முயலுக்குக் கால் நிற்காது. நாய், பூனைக்கு இருக்கிற மெத்தை முயலின் பாதத்தில் கிடையாது, வெறும் முடிதான். கால் வழுக்குகிற இடத்தில் எந்த முயலும் நிம்மதியாக உட்காராது.

நான் கூப்பிடவில்லை, பிடிக்கவும் போகவில்லை. மடியில் ஒரு கொத்து முருங்கைக்கீரை மட்டும் இருக்கிறது. வருகிறது பாருங்கள். முதலில் கால் கட்டைவிரலை மோந்து பார்க்கிறது. இப்போது தாடையை என் முழங்காலில் ஒரு தேய்ப்புத் தேய்த்ததே, கவனித்தீர்களா? தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. இது என்னுடையது என்று அடையாளம் வைத்துவிட்டுப் போகிறது.

இப்போது கை. மூக்குக்கு நேராக விரலை நீட்டக் கூடாது. முயலின் கண்கள் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே கொஞ்சம் இடம் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று விரல் வந்தால் விருட்டென்று பின்வாங்கும், சில முயல்கள் கடித்தும் விடும். அதனால் பக்கவாட்டிலிருந்து, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையைத் தாழ்வாகக் கொண்டுபோய் நெற்றியில் வைக்கிறேன். கட்டைவிரல் இரண்டு கண்ணுக்கும் நடுவில். மூக்குக்கு மேலேயிருந்து காதடி வரைக்கும், முடி படிகிற திசையிலேயே ஒரு நீவல். பட்டும் படாமலும் தொட்டால் கூசும், தலையை உதறும். கொஞ்சம் அழுத்தம் வேண்டும், ஆனால் அவசரம் கூடாது.

பாருங்கள், தலை இறங்குகிறது. தாடை சாக்கில் பட்டுவிட்டது. கண் பாதி மூடிவிட்டது. கன்னத்தில் விரலை வைத்தால் உள்ளே பல் மெதுவாக உரசுவது தெரிகிறது. மைக்கில் கேட்கிறதா தெரியவில்லை, பக்கத்தில் யாரோ பொரி மெல்லுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பூனை குர்ர்குர்ரென்று சத்தமிட்டுக் காட்டுகிற சந்தோஷத்தை முயல் பல்லில் காட்டும். இப்போது கையை எடுத்துவிடுகிறேன்... மூக்கால் கையை முட்டுகிறது. நிறுத்தாதே என்கிறது. முயல் பழக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்த முட்டலுக்காகக் காத்திருங்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். அது திரும்பக் கேட்டால் தொடருங்கள், எழுந்து போனால் போகட்டும்.

ஏன் தலையில் மட்டும் இவ்வளவு சுகம்? இரண்டு முயல் ஒன்றாக இருந்தால் ஒன்று தலையைத் தாழ்த்தும், இன்னொன்று அதன் நெற்றி, கண் ஓரம், காது எல்லாம் நக்கிவிடும். உடம்பை அதுவே சுத்தம் செய்துகொள்ளும். நாக்கு எட்டாத இடம் அந்தத் தலைதான். அந்த இடத்தில் துணைமுயல் செய்கிற வேலையைத்தான் நம் விரல் செய்கிறது. நெற்றி, கன்னம், காதடி, பிடரி, இவ்வளவும் நம்பி தொடலாம். முதுகு ஒவ்வொரு முயலுக்கு ஒவ்வொரு மாதிரி. சீனிக்குப் பிடிக்கும், வெல்லத்துக்குத் தோல் சிலிர்க்கும். வயிறு, பாதம், வால் பக்கம் கையே போகக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பயந்த முயலும் அசையாமல்தான் இருக்கும். உடம்பு தரையோடு ஒட்டியிருக்கும், காது முதுகில் அப்பியிருக்கும், கண் பெரிதாக விழித்திருக்கும், உடம்பு விறைத்திருக்கும். "எவ்வளவு சமத்தாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே தடவுவோம். சமத்து இல்லை அது, உறைந்துபோய்க் கிடக்கிறது. பின்னங்காலால் தரையில் டப்பென்று அடித்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அதேபோல, முயலை மல்லாக்கப் போட்டு அது "தூங்குகிற" வீடியோக்கள் நிறைய வருகின்றன. தூக்கம் இல்லை. வேட்டை மிருகத்திடம் மாட்டினால் செத்ததுபோலக் கிடக்கிற பயம் அது. தயவுசெய்து அதை விளையாட்டாகச் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் முயலுக்கு ரொம்பப் பிடித்தவர் யார் தெரியுமா? அப்பாயிதான். அவர் ஒருநாளும் அதைத் தேடிப் போனதில்லை. சாயங்காலம் திண்ணையோரம் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்வார். இரண்டும் தானாக வந்து அவர் புடவை ஓரத்தில் படுத்துக்கொள்ளும். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வேறு ஏதோ நினைப்பில் இடது கையால் வெல்லத்தின் நெற்றியை நீவிக்கொண்டே இருப்பார். என் அத்தை பையன் துரத்தித் துரத்திப் பிடிப்பான், அவனைக் கண்டாலே இரண்டும் கூண்டுக்குள். இப்போது அவனும் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் பழகியிருக்கிறான். சீனி அவன் பையை மோந்து பார்க்கத் தொடங்கிவிட்டது.

அப்புறம், தூக்கியே ஆக வேண்டிய நேரமும் வரும். நகம் வெட்ட, டாக்டரிடம் கொண்டுபோக, மழை வந்தால் உள்ளே எடுக்க. சந்தையில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காது பிடி இல்லை. அது முழுக்க ரத்தக் குழாயும் நரம்பும். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். ஒரு கை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில். இரண்டையும் ஒன்றாக எழுப்பி உடனே உங்கள் உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கவே கூடாது. முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் சுமார் 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 சதவீதம். எலும்பு அவ்வளவு லேசு, பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். தொங்கிக்கொண்டு ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த முயல் எழுந்து நடக்காது. இதனால்தான் சின்னப் பிள்ளைகள் கையில் தூக்கிக் கொடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிள்ளையைத் தரையில் உட்காரவையுங்கள், முயல் வரட்டும். இறக்கும்போதும் பாதி உயரத்தில் விடாதீர்கள். நீங்களும் குனிந்து, நான்கு காலும் தரையில் ஊன்றிய பிறகு கையை எடுங்கள். ரொம்பத் துள்ளுகிற முயலென்றால் ஈரிழைத் துண்டில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி எடுக்கலாம்.

நம் ஊர் வெயிலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முயலுக்கு நம்மைப்போல வேர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே அதற்குக் கஷ்டம், நமக்கோ சித்திரை, வைகாசியில் 40-ஐத் தொடுகிறது. அந்த நாட்களில் மடியில் வைத்துக்கொள்வதே வேண்டாம், நம் உடம்புச் சூடும் அதற்குச் சேரும். காதைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் விரலை நனைத்து காதின் வெளிப்பக்கம் தடவுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதுவே போய்ச் சாய்ந்துகொள்ளும். குளிர்ந்த நீரை மேலே ஊற்றாதீர்கள், அந்த அதிர்ச்சியே ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கவலை வேறு. பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். அது உங்களிடம் பழகியிருந்தால் தலையை நீவிக்கொண்டே இன்னொரு கையால் வாலைத் தூக்கிப் பார்த்துவிடலாம். வால் பக்கம் கை போகக் கூடாது என்றேன். மழைக்காலத்தில் இதற்கு மட்டும் விலக்கு.

அறுவடைக் காலத்தில் மெஷின் ஓடும்போது வயலிலிருந்து குட்டி முயலைப் பிடித்து வந்து "வளர்க்கலாமா" என்று கேட்கிறார்கள். வளர்க்கக் கூடாது. கோடியக்கரையிலும் நம் வயல்களிலும் ஓடுகிற பிடரி கறுத்த காட்டு முயல், வீட்டு முயலின் இனமே இல்லை. வீட்டு முயல் குட்டி முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் நாளைக்கு ஓரிரு தடவைதான் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், அதனால் தனியாகக் கிடப்பது அநாதை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். எடுத்த வரப்போரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பல் சத்தம் பற்றி. சீனி செய்ததுபோல மெல்லிய உரசல் சந்தோஷம். உடம்பைக் குறுக்கி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, நறநறவென்று சத்தமாகப் பல்லைக் கடித்தால் அது வலி. கூடவே தின்னவும் இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரை நாள் வயிறு ஓடாமல் நின்றாலே முயலின் உயிருக்கு ஆபத்து. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே கொண்டு போகலாம். துளையிட்ட கூடையில் சாக்கு விரித்து, அது தின்னுகிற புல்லையும் ஒரு கைப்பிடி போட்டு எடுத்துப் போங்கள். துணைமுயல் இருந்தால் அதையும் கூடவே வையுங்கள், வழியில் தைரியமாக இருக்கும்.

நகம் வெட்டுவதை அடுத்த வீடியோவில் வெல்லத்தை வைத்துக் காட்டுகிறேன்.