ஸ்ப்ரே பெயின்ட் கேனுக்கு ட்ரிகர் ஹேண்டில்: மாட்டுறது எப்படி, அடிக்கிறது எப்படி

வணக்கம் மக்களே. வாசல் கேட்டு, ஜன்னல் கிரில்லு, இரும்பு நாற்காலின்னு வீட்ல எதையாவது நீங்களே ஸ்ப்ரே கேன் வாங்கி அடிச்சிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும், பாதி கேன் தாண்டுறதுக்குள்ள ஆள்காட்டி விரல் மரத்துப் போயிடும். வலியை விடுங்க, அந்த வலியால வேலை கெடுது பாருங்க, அதான் பிரச்சனையே. விரல் அசந்ததும் நாசில் மேல, அதாவது கேன் தலையில நாம அமுக்குற அந்த ஓட்டை வெச்ச பட்டன் மேல, அழுத்தம் குறையும், வால்வு முழுசா திறக்காது, பொடிப்பொடியா வர வேண்டிய பெயின்ட் புள்ளி புள்ளியா துப்பும். அதோட விரல் நுனி நாசில் வாய்க்கு லேசா முன்னாடி நீட்டிட்டு இருந்தா ஸ்ப்ரே அதுல பட்டுப் பட்டு சேர்ந்து, நீங்க அழகா அடிச்சு முடிச்ச இடத்துல போய் ஒரு பெரிய சொட்டா விழும்.

அதுக்குத்தான் இந்த ட்ரிகர் ஹேண்டில்.

[காட்சி: மேஜை மேல 400 மில்லி கேன், பக்கத்துல ஹேண்டில்]

இதுல பெரிய மெஷினெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரு பிளாஸ்டிக் பிடி, கேனைக் கவ்வ கிளிப் மாதிரி ஒரு வளையம், ஒரு ட்ரிகர், ட்ரிகரை இழுத்தா நாசில் தலையை கீழ அமுக்குற ஒரு சின்ன கை, அவ்ளோதான். ஒத்த விரல் செஞ்ச வேலையை இப்ப மொத்தக் கையும் செய்யுது.

1949ல அமெரிக்காவுல இலினாய்ஸ் மாநிலத்துல சிகமோர்னு ஒரு ஊர்ல எட்வர்ட் சீமோர்ங்கிறவர், ரேடியேட்டருக்கு அடிக்கிற அலுமினியம் பெயின்ட்டை ஆளுங்களுக்கு அடிச்சுக் காட்ட ஒரு சுலபமான வழி தேடிட்டு இருந்தாரு, அவர் மனைவி பானி சொன்ன யோசனையிலதான் கேன்ல அடைச்ச ஸ்ப்ரே பெயின்ட் வந்துச்சு. ஒரு விரலால அமுக்குறது சின்ன வேலைக்கு நல்ல வசதிதான், ஆனா எட்டடி கேட்டுக்கு ரெண்டு பக்கமும் அடிக்கணும்னா விரல் பாவம்ங்க.

[காட்சி: க்ளோசப், மூடி கழட்டின கேன் தலை]

இப்ப மாட்டுற இடத்தை நல்லா பாருங்க. நாசிலைச் சுத்தி தட்டு மாதிரி ஒரு கப் இருக்கு, அதோட விளிம்பு உருட்டி விட்டிருக்கும். இந்த கப் உட்கார்ற வாய் பெரும்பாலான கேன்ல 1 இன்ச்தான், அதனாலதான் வேற வேற கம்பெனி கேனுக்கும் ஒரே ஹேண்டில் பொருந்துது. ஆனா நாசிலைச் சுத்தி தனியா பிளாஸ்டிக் காலர் வெச்ச கேனா இருந்தா பொருந்துறது கஷ்டம், கடையிலயே ஒரு தடவை மாட்டிப் பார்த்து வாங்குங்க.

மாட்டுறதுக்கு முன்னாடியே கேனை குலுக்கிடுங்க. உள்ள குண்டு உருள்ற சத்தம் வர ஆரம்பிச்ச பிறகு ஒரு நிமிஷமாவது குலுக்கணும். ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு குலுக்காதீங்க, கிளிப் அந்த வேகத்தைத் தாங்காது. அப்புறம் நாசில் ஓட்டையை முன்பக்கம் பார்க்க திருப்பி வெச்சுட்டு, ஹேண்டிலை நேரா மேல வெச்சு டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. சுத்தி ஒரு பார்வை பாருங்க, வளையம் ஒரு பக்கம் தூக்கிட்டு இருந்தா அந்த சின்ன கை நாசிலை கோணலா அமுக்கும், ஸ்ப்ரே ஹேண்டில் முனையிலயே பட்டு அங்கேயும் சொட்டு சேரும். விரலுக்கு இருந்த அதே பிரச்சனை ஹேண்டிலுக்கு வந்துடும். கையால ஒரு இழு இழுத்துப் பாருங்க, ஆடாம நின்னா சரி, முதல்ல அட்டையில அடிச்சுப் பார்த்துட்டு வேலைக்கு வாங்க.

அடிக்கும்போது முக்கியமான விஷயம், ட்ரிகரை முழுசா இழுக்கணும். இது ஆக்சிலரேட்டர் கிடையாது, பாதி இழுத்தா பாதி பெயின்ட் வராது, துப்பத்தான் செய்யும். கிரில் கம்பிக்கு வெளியில காத்துல ட்ரிகரை இழுத்து, கையை நகர்த்திட்டே கம்பி மேல போயி, அந்தப் பக்கம் தாண்டின பிறகு விடணும். கம்பி மேலயே ஆரம்பிச்சு கம்பி மேலயே நிறுத்தினீங்கன்னா ரெண்டு முனையிலயும் பெயின்ட் கூடுதலா விழுந்து வடியும். ஹேண்டிலோட உண்மையான லாபமே இங்கதான், இழுக்குறதும் விடுறதும் சட்டுன்னு நடக்குது, விரல்ல அந்த சுத்தம் வராது.

ஆனா இது துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்குறதால மணிக்கட்டை மட்டும் திருப்பி அரைவட்டமா அடிக்கத் தோணும், அப்படி அடிச்சா நடுவுல கனமாவும் ஓரத்துல தூசியாவும் விழும். மணிக்கட்டை பூட்டின மாதிரி வெச்சுக்கிட்டு தோள்லேர்ந்து கையை நகர்த்துங்க, மேற்பரப்புலேர்ந்து 20லேர்ந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு வரி மேல அடுத்த வரி பாதி ஏறுற மாதிரி. முதல் கோட்ல பழைய கலர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும், மெல்லிசா மூணு கோட் அடிச்சா வர்ற ஃபினிஷ் தடியா ஒரு கோட்ல என்னைக்கும் வராது. அடுத்த கோட் எப்ப அடிக்கணும்னு கேன்லயே போட்டிருக்கும், அந்த நேரத்தை மீறினா சில எனாமல்ல அடியில இருக்குற கோட் சுருங்கிடும்.

[காட்சி: கேனை சாய்ச்சு நாற்காலி உட்காரும் பலகையில அடிக்கிறது]

படுக்கையா இருக்குற பரப்புல அடிக்கும்போது கேன் முன்னாடி சாயும். உள்ள பெயின்ட்டை உறிஞ்சுற குழாய் அடியில லேசா வளைஞ்சிருக்கும், வளைவு பின்பக்கம் பார்த்தா கேன் பாதி இருக்கும்போதே வெறும் கேஸ்தான் வரும். சில கேன்ல அந்த உருட்டு விளிம்புல ஒரு சின்ன கலர் புள்ளி வெச்சிருப்பாங்க, குழாய் வளைவு அந்தப் பக்கம்னு அர்த்தம், நாசிலை புள்ளி பக்கம் திருப்பிட்டு அப்புறம் ஹேண்டில் மாட்டுங்க. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, கேன்ல மிச்சம் இருக்கும்போதே தீர்ந்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடுறாங்க.

இன்னொண்ணு, ஹேண்டில் இருந்தா கை வலிக்காது, அதனால நிறுத்தாம அடிச்சுட்டே இருப்போம். உள்ள இருக்குற கேஸ் ஆவியாக ஆவியாக கேன் சில்லுன்னு ஆகும், பிரஷர் இறங்கும், ஸ்ப்ரே முரடாகும். கையில சில்லுன்னு தெரிஞ்சா கீழ வெச்சுட்டு அந்த சில்லிப்பு போற வரைக்கும் விடுங்க, மறுபடி குலுக்கிட்டு அடிங்க. அடுப்புலயோ தீயிலயோ காட்டி சூடு பண்ற வேலையே வேணாம், நிறைய கேன்ல உள்ள இருக்குறது நம்ம சமையல் கேஸ் வகையறாதான். அதனால காத்தோட்டமான இடத்துல, விளக்கு பீடி எதுவும் பக்கத்துல இல்லாம அடிங்க, துணி மாஸ்க் பெயின்ட்டை இளக்குற தின்னர் வாடையைத் தடுக்காது, கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க் போடுங்க. மழை நாள்ல வேணாம், ஈரக் காத்துல சில பெயின்ட் வெளுத்துப் போகும்.

ஒரு கீறலுக்கு டச்சப் பண்ணவோ குறுகலான மூலைக்கோ ஹேண்டில் தேவையில்ல, விரலே போதும், இடமும் கம்மியா எடுக்கும். ஒரு கேனுக்கு மேல போற வேலைன்னா கண்டிப்பா வாங்குங்க.

முடிச்சதும் கேனை தலைகீழா கவுத்து, பெயின்ட் நின்னு வெறும் கேஸ் வர்ற வரைக்கும் ட்ரிகரை இழுங்க, நாசில் அடைக்காது. ஹேண்டிலைக் கழட்டிடுங்க, மாட்டினபடியே அலமாரியில வெச்சா வேற பொருள் ட்ரிகர்ல பட்டு மொத்தக் கேனும் காலியாகலாம். ஹேண்டில்ல பட்ட பெயின்ட்டை ஈரமா இருக்கும்போதே துணியால துடைச்சிடுங்க, என்சி தின்னர்ங்கிற வீரியமான தின்னர்ல ஊற வெச்சீங்கன்னா சில பிளாஸ்டிக் இளகி கிளிப் போயிடும்.