கோதுமை சாப்பிடாமலே சீலியாக் நோயைக் கண்டுபிடிக்கலாமா?

ஒருவருக்குச் சப்பாத்தி சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது, பேதியாகிறது, சோர்வு போவதே இல்லை. கோதுமையை நிறுத்துகிறார், தேறிவிடுகிறார். சில மாதம் கழித்து டாக்டரிடம் போனால், "சீலியாக் நோயான்னு உறுதியா சொல்லணும்னா, மறுபடியும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க" என்கிறார். அதுவும் தினமும், பல வாரங்கள்! இந்தக் கொடுமை எதற்கு?

[திரையில்: சிறுகுடலின் உட்சுவர்]

இதோ, டர்க்கி டவல் போலச் சின்னச் சின்ன நீட்சிகள் தெரிகின்றன. சத்தை உறிஞ்சுபவை இவைதான். சீலியாக் நோயாளி கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே இவற்றைத் தாக்கி, டவலை மழுங்கிய பழந்துணியாக்கிவிடும். எண்டோஸ்கோப்பியில் துளி சதை எடுத்துப் பார்ப்பது இதற்குத்தான். ரத்தப் பரிசோதனையும் உண்டு: டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவார்கள். ஜெர்மனியில் 1997-ல் நடந்த கண்டுபிடிப்பு அது. இந்த அளவு இயல்பைவிடப் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு ரத்த மாதிரியும் அதை உறுதிசெய்தால், குழந்தைகளுக்குச் சதை எடுக்கத் தேவையில்லை என்கிறது 2020-ன் ஐரோப்பிய வழிகாட்டுதல்.

சரி, சிக்கல் எங்கே? கோதுமையை நிறுத்தினால் குடல் ஆறும், ஆன்டிபாடியும் குறையும். தடயமே இருக்காது.

ஆனால் ரத்தத்தில் உள்ள சில டி செல்கள், அதாவது எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒருவகை வெள்ளை அணுக்கள், குளூட்டனை மறப்பதில்லை, எத்தனை வருஷமானாலும். நோயாளி குளூட்டன் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே இவை இன்டர்லூக்கின்-2 என்ற பொருளைச் சுரப்பது 2019-ல் தெரியவந்தது. மெல்பர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் மருத்துவ ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் அங்கிருந்து ஓர் அருமையான வழி பிடித்தார்கள். ஆளுக்கு எதற்கு ஊட்ட வேண்டும்? ரத்தத்துக்கு ஊட்டலாமே!

[திரையில்: சோதனைக் குழாய்]

கொஞ்சம் ரத்தம், அதில் குளூட்டன் கலந்து ஒரு நாள் வைக்கிறார்கள். இன்டர்லூக்கின்-2 கூடுகிறதா என்று அளக்கிறார்கள். 181 பேரிடம் செய்து 2025-ல் வெளியிட்ட முடிவின்படி, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் வரை சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 97 சதவீதம் பேரைச் சரியாக விலக்குகிறது. குளூட்டன் சாப்பிட்டால் யாருக்கு உபாதை அதிகமோ, அவர் ரத்தத்தில் இந்த அளவும் கூடுதலாக இருந்திருக்கிறது.

பலதரப்பட்ட மக்களிடம் இதைச் சோதித்துப் பார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அதுவரை, உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள்: முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கோதுமையை நிறுத்துங்கள்.