மாங்கூழ் ஆலைக் கழிவுநீர்: டிரம் சல்லடை ஏன் அடைக்குது?

[காட்சி: வாய்க்கால்ல மிதந்து வர்ற மாம்பழத் தோல்]

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள்ல சீசன் சூடு பிடிச்சா பெங்களூரா பழத்தோட தோல், நார், சில நேரம் முழுக் கொட்டையே கழிவுநீரோட வந்துடும்.

கொட்டையைப் பிடிக்கிறது கம்பிச் சல்லடை. 10 மி.மீ. கம்பி, 20 மி.மீ. இடைவெளின்னா, 300 மி.மீ. வாய்க்கால்ல தண்ணி போக மிஞ்சுற அகலம் சுமார் 200 தான். 200 மி.மீ. ஆழத்துல மணிக்கு 100 கன மீட்டர் போனா, கம்பிக்கு நடுவுல வேகம் நொடிக்கு 0.7 மீட்டர். நல்ல வேகம். 1.2-ஐத் தாண்டினா ஊறின தோலைத் தண்ணியே நசுக்கித் தள்ளிடும்.

கம்பியில சிக்கினதை வாரி எடுக்கிற ரேக்கை டைமரை மட்டும் நம்பி ஓட்டாதீங்க. பழம் கழுவுற தொட்டியை மொத்தமா திறந்து விட்டா சில நிமிஷத்துல அடைச்சிடும். சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசம் 150 மி.மீ. ஆனதும் ரேக் தானா ஓடணும்.

[அண்மைக் காட்சி: டிரம்மோட வெட்ஜ் வயர்]

அடுத்தது டிரம்: சுத்துற உருளைச் சல்லடை, மேல விழுற தண்ணி உள்ள இறங்கும், கம்பி இடைவெளி 1 மி.மீ. கம்பியைப் பாருங்க: வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் கூர். நுழைஞ்ச துகள் நடுவுல மாட்டாது. மேல நிக்கிற நாரை பிளேடு வழிச்சிடும்.

அப்புறமும் ஏன் அடைக்குது? இது சர்க்கரைத் தண்ணி. ராத்திரி நிறுத்தின டிரம்ல காலையில வழவழன்னு படலம் கட்டியிருக்கும். பார்க்க இடைவெளி திறந்த மாதிரிதான் இருக்கும். ஆனா தண்ணி உள்ள இறங்காம டிரம் மேலேயே வழிஞ்சு நார்த் தொட்டியில கொட்டும். பலரும் உடனே 2 மி.மீ. டிரம்முக்கு மாறிடறாங்க. தப்பான வைத்தியம்! தப்பிச்ச நார் பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர்ல கயிறா முறுக்கிக்கும்.

முதல்ல டிரம்மைக் கழுவுற ஸ்ப்ரே நாசில்களைக் கழட்டிப் பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா வாயில வெள்ளையா படிஞ்சிருக்கும். அழுத்தம் 3 பார் வேணும். அதை பம்ப் பக்கத்துல அளக்காதீங்க, ஸ்ப்ரே பைப்போட கடைசி முனையில அளங்க. தினமும் நிறுத்தறதுக்கு முன்னாடி 15 நிமிஷம் நல்ல தண்ணியில டிரம்மைச் சுத்த விடுங்க. படலம் இறுகிட்டா சுடுதண்ணி அடிக்கணும்.

பிளேடு டிரம்மை லேசா தொட்டா போதும். இறுக்கி வெச்சா கம்பியோட விளிம்பு தேயும். விலகினா ஈரத்தோல் அடியில நுழைஞ்சு திரும்பத் தண்ணிக்கே போயிடும். இதைச் சரி பண்ண கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு, பூட்டுப் போட்டு, சாவியை உங்க பையிலேயே வெச்சுக்குங்க.