சேப்பாக்கம்: நவாபு தோட்டத்துல ஒரு பிட்ச்

(திரையில்: சேப்பாக்கம் ஸ்டேஷனுக்குள் நுழையும் பறக்கும் ரயில்)

மேட்ச் நாள்ல இங்கே இறங்கிப் பாருங்க. படிக்கட்டு முழுக்க மஞ்சள் சட்டை. கீழே பக்கிங்காம் கால்வாய், மூக்கைப் பொத்திக்கிட்டுதான் நடக்கணும். ஆட்டோக்காரர்கிட்ட வெறுமனே "சேப்பாக்கம்"னு சொன்னா, மறுபேச்சு இல்லாம ஸ்டேடியத்துல இறக்கிவிடுவார். இத்தனைக்கும் அது ஒரு ஏரியாவோட பேரு.

கடற்கரையை ஒட்டி, திருவல்லிக்கேணி நெரிசலுக்குப் பக்கத்துல இவ்வளவு பெரிய காலியிடம் எப்படிக் கிடைச்சது?

(பழைய வரைபடம்)

1768ல ஆற்காடு நவாபு முகமது அலி வாலாஜா இங்கே அரண்மனை கட்டினார். சுத்தி 117 ஏக்கர். அவர் வெள்ளைக்காரங்ககிட்ட வாங்கின கடனைச் சொல்ல ஆரம்பிச்சா இந்த வீடியோ பத்தாது. 1855ல கடைசி நவாபு வாரிசு இல்லாம இறந்தார். அரண்மனை ஏலத்துக்கு வந்துச்சு, அரசாங்கமே எடுத்துக்கிச்சு. 1846ல தொடங்கி தீவுத்திடல்ல ஆடிட்டிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1860கள்ல இந்தத் தோட்டத்துல ஒரு துண்டுக்குக் குடிவந்துச்சு.

அந்தத் துண்டுலதான் 1934ல முதல் ரஞ்சி மேட்ச். மெட்ராஸும் மைசூரும் மோதி, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு! இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்ததும் இங்கேதான், 1952ல.

(திரையில்: காலியான மூணு ஸ்டாண்ட்)

2011 உலகக் கோப்பைக்காகப் புது ஸ்டாண்ட் கட்டினாங்க. கடல்காத்து உள்ளே வரட்டும்னு நடுநடுவே இடைவெளி விட்டாங்க. காத்துக்கு விட்ட இடத்தைப் பக்கத்துக் கட்டடத்துக்கு விடலை. கிளப்போட ஜிம் கட்டடம் ரொம்ப நெருக்கம்னு வழக்கு, அனுமதிச் சிக்கல். ஐ, ஜே, கே ஸ்டாண்ட்ல சுமார் 12 ஆயிரம் சீட் வருஷக்கணக்கா பூட்டியே கிடந்துச்சு. டிக்கெட் கிடைக்காதவங்க வெளியே, காலி சீட்டு உள்ளே. ஜிம்மை இடிச்ச பிறகுதான் பூட்டு திறந்துச்சு.

1995ல பறக்கும் ரயில் முதன்முதலா ஓடினப்போ, பீச்ல கிளம்பி இந்த சேப்பாக்கத்தோட நின்னுடும். மைதானத்தை உரசுற மாதிரி தண்டவாளம்.

அந்த அரண்மனை? இன்னும் இருக்கு. மெரினாவுல நின்னு தேடினா எழிலகம்ங்கிற அரசு அலுவலகக் கட்டடம் மறைச்சிடும். ஆனா நவாபை யாரும் மறைக்க முடியலை. கேட் எப்போ திறப்பாங்கன்னு கொடியோட ரசிகர்கள் காத்து நிக்கிறது அவர் பேர்ல இருக்கிற வாலாஜா ரோட்டுலதான்.