கை என்ன செய்கிறது?

(நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைக் கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வட்டத்தில் நாவல்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். சினிமாவைப் பற்றிக் கடை அடைக்கும் நேரம் வரை தெருவில் நின்றும் பேசியிருக்கிறோம். இந்த மாதம் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், முன்வரிசையில் இருக்கும் அண்ணாச்சி கேட்டார்: "அதுல பேச என்ன இருக்கு? பிள்ளைகள் கெட்டுப் போறதத் தவிர?" ஒரு தகப்பன் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். பணம் கட்டி ஆடும் ரம்மியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்துச் சட்டம் நிறைவேற்றியது. நான் பேச வந்தது, யாரோ சிலர் பல வருடம் உட்கார்ந்து செய்து, நாம் விலை கொடுத்து வாங்கி, வீட்டில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி. நாவலை எப்படி நல்லது, சுமார், மோசம் என்று பிரிக்கிறோமோ அப்படி இவற்றையும் பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் தமிழில் இன்னும் வரவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

இணையத்தில் வருகிற விமர்சனங்களைப் பாருங்கள். கிராபிக்ஸுக்கு ஒன்பது, இசைக்கு எட்டு, கதைக்கு ஏழு என்று மார்க் ஷீட் மாதிரி இருக்கும். படம் அழகாக இருக்கலாம், கதையில் கண்ணீர் வரலாம். ஆனால் விளையாடும்போது நம் கை என்ன செய்துகொண்டிருந்தது? அந்தக் கையை விளையாட்டின் எந்த விதி கட்டிப்போட்டது, எந்த விதி அவிழ்த்துவிட்டது? நான் அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். விளையாட்டு பேசுவது விதியின் வழியாகத்தான் என்பது என் துணிபு.

நம் அடுக்களையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற பெண், கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. அதில் பாதி வரிகள் அழிந்துவிட்டன, சில இடம் கிழிந்துவிட்டது. அழிந்த வரியை யூகித்துச் சமைக்க வேண்டியது நாம்தான்.

அதில் புட்டு வருகிறது. குழலுக்குள் எது முதலில், எது அடுத்து என்பதுதான் புதிர். என் மகள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "இது என்ன கேள்வி?" என்றாள். காலையில் புட்டும் பயறும் பப்படமும் தின்று வளர்கிற ஜில்லா இது. ஓட்டைத் தட்டைப் போடாமல் மாவைக் கொட்டினால் அது குடத்துத் தண்ணீரில் விழும் என்று நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்கு அது தெரியும் என்பதே நமக்குத் தெரியாது. யாரும் எழுதிவைத்துப் படிக்கவில்லை, அடுப்படியில் நின்று பார்த்தது. அந்த அடுப்படி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் கைக்கு என்ன நடக்கும் என்பதை வெண்பா ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறது. பின்னால் கவின் சமைக்கிற கட்டம் வருகிறது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. அம்மாவின் கையிலிருந்து மகனின் கைக்கு வரும்போது எவ்வளவு உதிர்ந்துபோகிறது என்பதை ஆடுகிறவன் தன் தடுமாற்றத்திலேயே உணர்கிறான். 2024இல் இதற்கு அறிமுக விளையாட்டுக்கான பாப்டா விருது, பிரிட்டிஷ் அகாடமி கொடுப்பது, கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அது பரவாயில்லை. சமையல் தவறினால் மறுபடி முதலிலிருந்து செய்யலாம், எந்தச் சேதமும் கிடையாது. மாவு வீணாவதில்லை, நேரம் போவதில்லை, பசியோடு யாரும் காத்திருப்பதில்லை. வறுமையைக் கதை சொல்கிறது, விதி சொல்லவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, இருக்கிற அரிசி இவ்வளவுதான் என்று அந்த விளையாட்டு என்னை நிறுத்தியிருந்தால் வெண்பாவின் கவலை என் கவலையாகியிருக்கும்.

சரி, அடுத்தது சண்டை. 2025 ஏப்ரலில் 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' வந்தது. பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் சாண்ட்ஃபால் என்ற சிறிய குழு செய்தது. அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்று த கேம் அவார்ட்ஸ் விழாவில் தேர்வானது. கதை நெஞ்சை அடைக்கும். தூரத்தில் ஒரு பெரிய கல்தூண். வருடத்துக்கு ஒருமுறை ஒருத்தி எழுந்து அதில் ஒரு எண்ணை வரைகிறாள். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடுகிறார்கள். எண் வருடா வருடம் ஒன்று குறைகிறது. இப்போது முப்பத்து மூன்று.

இதில் நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். பழைய வகை. ஆனால் எதிரி அடிக்கும்போது சும்மா நிற்கக் கூடாது. அடி விழுகிற அந்தக் கண நேரத்தில் பொத்தானை அழுத்தினால் தடுக்கலாம், முழுவதையும் தடுத்தால் திருப்பி அடிக்கலாம். எதிரி ஓங்கிய கையை நடுவில் நிறுத்தி ஏமாற்றுவான். இங்கே அடிமுறை படித்தவர்கள் இருப்பீர்கள், சிலம்பம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பாவலா என்று நாம் சொல்வது இதைத்தான். கம்பைப் பார்க்காதே, தோளைப் பார் என்று ஆசான் சொல்வாரே, இருபது முறை தோற்ற பிறகு நானும் அந்த எதிரிகளின் தோளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வாழ்நாள் குறைந்துகொண்டே போகிற கதைக்கு, கணத்தைத் தவறவிடாதே என்கிற விதி. இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட இடம் அது. சமீபத்தில் இவ்வளவு பொருத்தமான பூட்டை நான் வேறு எதிலும் பார்க்கவில்லை.

ஆனால் கடைசிப் பகுதியில் அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. நம் பலம் கட்டுமீறி ஏறுகிறது. ஒழுங்காகத் திறன்களைச் சேர்த்துவைத்தால் பெரிய எதிரியும் ஒரே வீச்சில் சாய்கிறான். அவன் கை ஓங்குவதற்கே வாய்ப்பில்லை. பிறகு தோளைப் பார்த்து என்ன பயன்? கதை மிகவும் வலிக்கிற இடத்துக்கு வரும்போது கை சோம்பேறியாகிவிட்டது. விருது கொடுத்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடினம் என்றதும் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்தது. 2019இல் அறிவித்து, 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது. வந்த அன்று கூட்டம் தாங்காமல் இணையக் கடைகள் தடுமாறின. ஐந்து உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குகிறோம், பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பிடுங்குகிறார்கள். ரொம்பக் கடினம் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. என் கோபம் வேறு. பெரிய எதிரியிடம் தோற்றால், கடைசியாக உட்கார்ந்து ஓய்வெடுத்த இருக்கையில்தான் மறுபடி எழுவோம்; அந்தத் தூரத்திலிருந்து மறுபடி ஓடிவர வேண்டும். சண்டையில் கற்கிறோம், சரி. அந்த ஓட்டத்தில் என்ன கற்கிறோம்? 'எல்டன் ரிங்' என்ற இன்னொரு கடினமான விளையாட்டு 2022இலேயே இதற்கு வழி கண்டது. கடினமான பல சண்டைகளின் வாசலிலேயே மறுபடி எழுந்து நிற்க ஓர் இடம் வைத்தது. அதனால் சண்டையின் கடினம் கொஞ்சமும் குறையவில்லை.

இனி கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டிய ஒன்று. 'பலாட்ரோ' என்று ஒரு சீட்டு விளையாட்டு, 2024 பிப்ரவரியில் வந்தது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் கனடாக்காரர் ஒருவர் தனியாளாகச் செய்தார். போக்கரில் 'கை' என்று சொல்லும் சீட்டுச் சேர்க்கைகளை அமைத்து மதிப்பெண் எடுக்க வேண்டும். நூற்றைம்பது ஜோக்கர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதியை வளைக்கும். இதில் பந்தயம் கிடையாது. ஒருமுறை வாங்கினால் சரி, உள்ளே ஒரு பைசா கேட்காது. ஆனாலும் ஐரோப்பாவில் வயது முத்திரை குத்தும் பெகி அமைப்பு இதற்குப் பதினெட்டு வயது என்று போட்டது. திரையில் சீட்டைப் பார்த்தார்கள், சூதாட்டக் காட்சி என்றார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில்தான் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

இன்னொரு பக்கம் இஏ நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டு. முன்பு ஃபிஃபா, 2023 முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. தூத்தூரிலிருந்து இரவிபுத்தன்துறை வரை கடற்கரை முழுக்கக் கால்பந்துதான், அதனால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதில் அல்டிமேட் டீம் என்றொரு பகுதி உண்டு. பணம் கொடுத்துப் பொட்டலம் வாங்கலாம், உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்பது பிரித்தால்தான் தெரியும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இந்த முறையைச் சூதாட்டம் என்றது. 2019 தொடக்கத்தில் அந்த நாட்டில் மட்டும் பொட்டலத்துக்கான புள்ளிகளை விற்பதை நிறுவனம் நிறுத்தியது. பெகி இந்த விளையாட்டுக்குக் கொடுத்த வயது? மூன்று. படத்தைப் பார்த்தவர்கள் விதியைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி, பிள்ளைகள் கெட்டுப் போவதைக் கேட்டீர்களே, நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். திரையில் ரத்தமா, சீட்டுக்கட்டா என்று பார்க்காதீர்கள். பிள்ளையின் விரல் எதற்காக மறுபடி மறுபடி அழுத்துகிறது என்று பாருங்கள். அந்த விதத்தில் பலாட்ரோவையும் நான் முழுசாக விட்டுவிட மாட்டேன். பணம் கேட்காது, ஆனால் தூக்கத்தைக் கேட்கும். பரீட்சை நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாத விளையாட்டு.

'சைபர்பங்க் 2077' பற்றி ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் பிழைகளோடு வந்தது, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2023இல் பெரிய திருத்தத்துக்குப் பிறகு ஆடினால் நல்ல விளையாட்டு. எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அது எந்தத் தேதியில் எழுதியது என்று பாருங்கள். சோனியின் இணையவழித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதை வாங்கி ஆடிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூட வழியில்லை.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான். 'டிரெட்ஜ்', 2023 மார்ச், நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ். தனியாக ஒரு மீனவர், சின்னப் படகு. பகலில் மீன் பிடித்து விற்கலாம். படகின் உள்ளிடம் கட்டம் கட்டமாக இருக்கும், மீனின் வடிவத்துக்கு ஏற்ப அடுக்க வேண்டும். மோதினால் கட்டம் உடையும், உடைந்த கட்டத்தில் இருந்த மீன் போச்சு. இரவில் கடலில் இருந்தால் பதற்றம் ஏறும், இல்லாத பாறைகள் தெரியும், வேறு சிலவும் வரும். விமர்சகர்கள் மிகவும் பாராட்டினார்கள். நானும் லயித்து ஆடினேன்.

பிறகு அதை என்னிடம் படிக்க வரும் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். மேற்குக் கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம். இரண்டு நாள் ஆடிவிட்டு வந்தான். "சார், கேம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி எதுக்கு பயம்? எங்க அப்பாவுக்கு ராத்திரிதான் வேலை" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. கரையில் இருந்து கடலைப் பார்ப்பவனுக்கு இரவு பேய். கடலில் இருப்பவனுக்கு இரவு விளக்கும் வலையும்.

அடுத்து அவன் சொன்னதுதான் நான் படித்த எல்லா விமர்சனங்களையும் விட ஆழமானது. டிரெட்ஜில் படகை நிறுத்தினால் நேரமும் நின்றுவிடும். நகர்ந்தாலோ, மீன் பிடித்தாலோதான் கடிகாரம் ஓடும். விளையாடுகிறவர் நிதானமாக யோசிக்கட்டும் என்று வைத்த நல்ல விதி அது. அவன் சொன்னான்: "கடல்ல எஞ்சின நிப்பாட்டினா நேரம் நிக்காது சார். நீவாடு இழுத்துட்டே இருக்கும்." நீவாடு என்றால் கடல் நீரோட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஒக்கியில எஞ்சின் நின்ன படகுதான் சார் வரல்ல" என்றான்.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசி இரவு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். எந்தெந்த ஊர்கள் எத்தனை நாள் கரையில் நின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நியூசிலாந்தில் இருக்கும் அந்தக் குழுவை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் ஆவிக் கதை சொல்ல வந்தவர்கள், அதை நன்றாகவே சொன்னார்கள். ஆனால் கடலைப் பற்றி ஒரு விதி எழுதும்போது அதில் யாருடைய கடல் இருக்கிறது என்று அந்தப் பையனால் கேட்க முடிந்தது. அவன் கேட்டது கிராபிக்ஸ் பற்றி இல்லை, கதை பற்றியும் இல்லை. விதியைப் பிடித்தான்.

அவன் இப்போது தானே ஒன்று செய்துகொண்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் இல்லை, சார்ட் தாளில். வள்ளம் ஒன்று, கட்டங்களாகக் கடல். காய் உருட்டாமல் சும்மா இருந்தாலும் முறைக்கு ஒரு கட்டம் நீவாடு இழுத்துப்போகும். கச்சான் காற்றுக்கு ஒரு சீட்டு, வாடைக்கு ஒரு சீட்டு. கரைக்கு வர எத்தனை முறை வேண்டும் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாலு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்ப்போம். தாயக்கட்டை வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.