கோழிக்குள் ஒருவழிச் சாலை

வணக்கம் நேயர்களே, பசியாறியாச்சா? இன்றைக்குச் சமைக்கப் பாசாரில் கோழி வாங்கியிருந்தால், கழுவும்போது கொஞ்சம் கவனியுங்கள். ஈரல் கையோடு வந்துவிடும். ஆனால் விலா எலும்புகளின் இடுக்கில் இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதுதான் கோழியின் நுரையீரல். நம்முடையது விரிந்து சுருங்கும். கோழியுடையது ஏறக்குறைய அசைவதே இல்லை.

அப்படியென்றால் எப்படி மூச்சு விடுகிறது? பெரும்பாலான பறவைகளுக்கு உடம்புக்குள் 9 காற்றுப் பைகள் உண்டு, துருத்தி வேலையை அவைதான் பார்க்கின்றன. இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், மூச்சை விடும்போது நுரையீரலுக்குள் நுழைந்து, அடுத்த மூச்சில் முன்பக்கப் பைகளுக்கு நகர்ந்து, அப்புறம்தான் வெளியே வருகிறது. நுரையீரலைப் பொறுத்தவரை அது ஒருவழிச் சாலை. நாமோ போன வழியிலேயே திரும்பி, பழைய காற்றோடு புதுக் காற்றைக் கலந்துகொண்டிருக்கிறோம்.

பறப்பதற்காக வந்த ஏற்பாடு என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். 2010-இல், முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டரின் நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் ஓடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு இறக்கையும் இல்லை, காற்றுப் பையும் இல்லை! 2013-இல் ஆப்பிரிக்க உடும்பு ஒன்றிலும் ஏறக்குறைய அதே கதை.

நம்ம பினாங்கில், தண்ணீர்மலைப் பக்கம் கால்வாய் ஓரத்தில் படுத்திருக்குமே பியாவாக், அதாவது நம்மூர் உடும்பு, அது இந்த ஆப்பிரிக்க உடும்புக்குச் சொந்தம்தான். அடுத்த முறை பார்த்தால் கல்லெறியாமல், எட்ட நின்று அதன் தொண்டையைப் பாருங்கள். பல்லி வகைகளில் பலவற்றுக்கு ஓடும்போது மூச்சு விடுவது பெரும் பாடு, ஏனென்றால் உடம்பை வளைக்கும் தசைகளே மூச்சுக்கும் வேண்டியிருக்கிறது. உடும்பு மட்டும் தொண்டையை உப்பி உப்பிக் காற்றை உள்ளே தள்ளிச் சமாளிக்கிறது.

சரி, டைனோசருக்கும் பறவை மாதிரி காற்றுப் பைகள் இருந்தனவா? நுரையீரல் கல்லாகி மிஞ்சுவது அபூர்வம், அதனால் எலும்பைத்தான் கேட்க வேண்டும். மடகாஸ்கரில் கிடைத்த மஜுங்காசாரஸ் என்ற மாமிச உண்ணியின் முதுகெலும்புகளில், பறவைகளுக்கு இருப்பது போலவே காற்றுப் பைகள் குடைந்த குழிகள் இருக்கின்றன. ஓட்டை எலும்பு பறவைக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. வளர்ந்த நாட்டுக்கோழி கிடைத்தால், இறக்கையில் தோளை ஒட்டிய எலும்பை உடைத்துப் பாருங்கள், உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். கோழி உயிரோடு இருந்தவரை அங்கே இருந்தது காற்று.