சிடி ஸ்கேன் நார்மல், ஆனாலும் தலைவலி போகவில்லை: எம்ஆர்ஐ எடுத்தால் தெரியுமா?

அடுத்த கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. மூன்று வாரத்துக்கு முன் அவருடைய தம்பி பாண்டிச்சேரியில் வேலை முடிந்து வரும்போது, கன்னியக்கோயில் பக்கம் வண்டியோடு விழுந்திருக்கிறார். ஓரிரு நிமிடம் நினைவில்லை. அன்றைக்கே எடுத்த சிடி நார்மல். ஆனால் இன்றைக்கும் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, சொன்னது மறந்துபோகிறது. "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே, வேலைக்குப் போகாமல் நடிக்கிறான் என்று அப்பா திட்டுகிறார். எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா டாக்டர்?"

அப்பாவுக்கும் இதைப் போட்டுக் காட்டுங்கள்மா. ஐயா, ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து ஒருவர் நடிக்கிறார் என்று நாங்களே சொல்ல மாட்டோம். உங்கள் மகன் சொல்வதெல்லாம் தலையில் அடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்கிறவைதான்.

விழுந்த அன்று சிடி எடுப்பது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா, மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கத்தான். அதை அவசரத்தில் காட்டித்தர சிடிதான் சரி. ஆனால் மூளை இளநீருக்குள் இருக்கும் வழுக்கை மாதிரி. ஓடு உடையாமலே உள்ளே குலுங்கி, நரம்பு இழைகள் இழுபட்டுப்போகும். ஒரு இழையின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிடியில் தெரியும் மிகச் சிறிய புள்ளியே அரை மில்லிமீட்டர் அளவு. எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

சரி, எம்ஆர்ஐ? கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதில் எஸ்டபிள்யூஐ என்ற படவரிசை, சிடிக்குத் தப்பிய பொட்டு பொட்டான ரத்தக் கசிவையும் பிடித்துவிடும். அமெரிக்காவில் 2013-ல் வந்த ஓர் ஆய்வில், இப்படி லேசாக அடிபட்டு, சிடி நார்மல் என்று வந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தது. மீதிப் பேருக்கும் அடிபட்டதுதானே? அவர்கள் எம்ஆர்ஐயும் நார்மல்தான். நாளைக்கு உங்கள் தம்பிக்கும் அப்படி வந்தால், வீட்டில் திட்டு இரண்டு மடங்காகிவிடக் கூடாது. என் கவலை அதுதான்.

எம்ஆர்ஐயிலேயே டிடிஐ என்று இன்னொரு வகைப் படம் உண்டு. வைக்கோல் கட்டில் தண்ணீர் ஊற்றினால் தாள் போகும் திசையில்தான் ஓடும் இல்லையா, அதேபோல மூளையில் நீர் நரம்பு இழைகளின் வழியே எப்படி நகர்கிறது என்று அளப்பது. அடிபட்ட நூறு பேரையும் அடிபடாத நூறு பேரையும் ஒப்பிட்டால் சராசரியில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரே ஒருவரின் படத்தைப் பார்த்து, இது அந்த விபத்தால் வந்ததுதான் என்று அடித்துச் சொல்ல இன்னும் முடியாது. வயது மாறினால் அந்த அளவு மாறும், மிஷின் மாறினாலும் மாறும். டிடிஐயின் வண்ணப் படத்துக்காக மட்டும் கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்? நடந்ததைக் கேட்டும், ஆளைப் பரிசோதித்தும்தான். நினைவு தப்பியது அரை மணிக்குள், குழப்பம் ஒரு நாளுக்குள், எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்று 15-க்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவில் 13 முதல் 15 வரை: இதைத்தான் லேசான மூளைக் காயம் என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும்.

இப்போது என்ன செய்வது? தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஜிப்மரோ, பக்கத்தில் எதுவோ. அப்படி இல்லையென்றாலும், மூன்று வாரம் ஆகியும் குறையவில்லை என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று அவர் சொல்லட்டும். தலைசுற்றல் இருக்கும்வரை வண்டி ஓட்டவே கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, விழுந்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சில நிமிடங்கள் தம்பிக்கு நினைவில் இருக்காது, அவருக்கு இருக்கும்.